மேற்குத் தடத்தில் குதிரை வீரர்கள்

தமிழ் வெகுசன அச்சின் வரலாறு – 17

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு ஆகியோரிடம் தொடங்கி, தமிழ்வாணனின் சங்கர்லால் வழியாக 1980-களின் மலிவு விலை மாத நாவல்கள் வரை துப்பறியும் கதை தமிழில் வேரூன்றிய விதம் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் ஆராயப்பட்டது. மேலைநாட்டு மலிவுப் பதிப்புச் சந்தையில் துப்பறியும் கதைக்கு இணையாக விற்பனையான இன்னொரு கதைவகை, அமெரிக்காவின் எல்லைப்புற ஊர்களையும் அங்கே சட்டத்துக்குக் காத்திராமல் துப்பாக்கியால் வழக்கைத் தீர்த்துக்கொண்ட மனிதர்களையும் பற்றிய 'வெஸ்டர்ன்' அல்லது கௌபாய்க் கதையாகும். துப்பறியும் கதை தமிழுக்கு உரைநடை நாவலாக வந்து நாவலாகவே நிலைபெற்றது. கௌபாய்க் கதையோ உரைநடையில் ஒரு மரபாக உருவாகாமல், திரைப்படமாகவும் சித்திரக்கதையாகவும், அதாவது கண்ணால் பார்க்கும் கதையாகவே வந்து சேர்ந்தது. இந்த வேறுபாட்டின் காரணமும், அக்கதைகள் சிவகாசியில் அச்சாகி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாசகரைக் கண்ட விதமும் இப்பகுதியின் பொருள்.

முதலில் மூலத்தைப் பார்க்க வேண்டும். கௌபாய் என்பவன் கூலிக்கு மாடு ஓட்டியவன். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சாஸ் மாநிலத்தில் நீண்ட கொம்பு மாடுகள் பெருகிக் கிடந்தன. அங்கே சில டாலருக்கு விலைபோன மாட்டுக்கு வடக்கு நகரங்களில் அதைப்போலப் பல மடங்கு விலை கிடைத்தது. ஆகவே ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே மந்தையாக, பல நூறு மைல் தொலைவிலிருந்த ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் தொழில் பிறந்தது. ஜோசப் மெக்காய் என்ற வணிகர் 1867-இல் கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்னும் சிற்றூரில் மாட்டுக்கொட்டில்கள் கட்டி ரயில் ஏற்றுமதியைத் தொடங்கிவைக்க, அதன்பின் எல்ஸ்வர்த், விசிட்டா, டாட்ஜ் சிட்டி, கால்ட்வெல் ஆகியவை அடுத்தடுத்து மாட்டுச்சந்தை ஊர்களாயின. இவையே பின்னாளில் கதைகளில் சட்டமற்ற ஊர்களாகச் சித்தரிக்கப்பட்டவை. இருபது ஆண்டுகளுக்குள் முள்கம்பி வேலியும் கிளை ரயில் பாதைகளும் பெருகி, நீண்ட மாட்டு ஓட்டம் வழக்கொழிந்தது. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொடர்ச்சியான எல்லைக்கோடு என்று காட்டத்தக்கது இனி நாட்டில் இல்லை என அறிவித்தது.

அந்த ஊர்கள் உண்மையில் எவ்வளவு கொடியவை என்பது வரலாற்றாசிரியர்களுக்கு இடையே நெடுநாள் விவாதம். மேற்சொன்ன ஐந்து கான்சாஸ் ஊர்களையும் ஆராய்ந்து ராபர்ட் டைக்ஸ்ட்ரா 1968-இல் வெளியிட்ட நூலில், 1870 முதல் 1885 வரையிலான காலத்தில் அவ்வூர்களில் நிகழ்ந்த கொலைகள் மொத்தம் 45 என்று கணக்கிட்டார். சிற்றூர்களின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிய எண் அன்று என்று பின்வந்தோர் மறுத்தனர் என்றாலும், நாளொரு பிணம் விழுந்த தெரு என்ற கதைச் சித்திரம் அதோடு கரைந்துவிட்டது. இன்னும் வியப்பானது, இவ்வூர்களில் பல, எல்லைக்குள் துப்பாக்கி ஏந்திவர வெளிப்படையாகவே தடை விதித்திருந்தன என்பதாகும். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881 அக்டோபர் 26-ஆம் நாள் ஓ.கே. கொரால் என்னும் குதிரைக்கொட்டிலுக்கு அருகே நடந்து மூவரைப் பலிகொண்ட புகழ்பெற்ற மோதலே, அத்தகைய தடையை நடைமுறைப்படுத்த முயன்றதன் விளைவு. அது அரை நிமிட அளவே நீடித்தது. நூற்றுக்கணக்கான நாவல்களும் படங்களும் அந்த அரை நிமிடத்தை இன்றுவரை நீட்டித்துக்கொண்டிருக்கின்றன.

நீட்டித்தவர்கள் அச்சுத்தொழிலினர். நியூயார்க்கின் பீடில் நிறுவனம் 1860 ஜூன் மாதம் பத்து சென்ட் விலையில் வெளியிட்ட 'மலாஸ்கா' என்ற நாவலோடு 'டைம் நாவல்' எனப்படும் பத்துக்காசு நாவல் மரபு தொடங்கியது. அதை எழுதியவர் ஆன் ஸ்டீஃபன்ஸ் என்ற பெண் எழுத்தாளர் என்பதும், அதன் நாயகி வெள்ளை வேட்டைக்காரனை மணந்த பூர்வகுடிப் பெண் என்பதும், பின்னாளில் முழுக்க முழுக்க ஆண்களின் உலகமாகிப்போன இக்கதைவகையைப் பொறுத்தவரை கவனிக்கத்தக்கவை. நெட் பன்ட்லைன் என்ற புனைபெயர் கொண்ட எழுத்தாளர் 1869-இல், அப்போது உயிரோடிருந்த பஃபலோ பில் என்ற வேட்டைக்காரரைக் கதாநாயகனாக்கித் தொடர்கதை எழுதினார். வாழும் மனிதன் தன் கதைக்குத் தக்கபடி உடுத்தி மேடையேறும் விந்தை அதிலிருந்து ஆரம்பமானது. ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' 1902-இலும், சேன் கிரேயின் 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' 1912-இலும் வெளிவந்து இக்கதைக்கு நடுத்தர வர்க்க மதிப்பைத் தேடித்தந்தன. மரக்கூழால் செய்த மட்டரகத் தாளில் அச்சிடப்பட்டதால் 'பல்ப்' என்று பெயர்பெற்ற இதழ்களில், ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனத்தின் 'வெஸ்டர்ன் ஸ்டோரி மேகசின்' 1919 முதல் இதையே தனிச்சரக்காக விற்றது.

இக்கதைவகையின் இன்னொரு இயல்பு தமிழ் வரலாற்றுக்கு மிகவும் வேண்டியது. அதைப் பெருக்கியவர்களில் பலர் அந்த நிலத்தைப் பார்த்தறியாதவர்கள். ஜெர்மானிய எழுத்தாளர் கார்ல் மே, வின்னட்டூ என்ற அப்பாச்சித் தலைவனைப் பற்றிய நாவல்களை 1893-இலேயே நூலாக்கிவிட்டார். அமெரிக்க மண்ணை மிதித்ததோ 1908-இல்தான், அப்போதும் நாட்டின் கிழக்குப் பகுதியோடு திரும்பிவிட்டார். பெல்ஜியத்தின் மோரிஸ் 1946-இல் லக்கி லூக்கை வரைந்தார். இத்தாலியில் ஜான்லூயிஜி போனெல்லி எழுத, ஔரேலியோ கலெப்பினி வரைய, 1948 செப்டம்பர் 30-இல் டெக்ஸ் வில்லர் வெளிவந்தான். பிரான்சில் ஜான்-மிஷெல் ஷார்லியேயும் ஜான் ஜிரோவும் 1963-இல் 'பிலோட்' இதழில் புளூபெர்ரி என்ற குதிரைப்படை அதிகாரியின் கதையைத் தொடங்கினர்; இவர்களுள் ஜிரோ இளமையில் மெக்சிகோவில் சில மாதங்கள் தங்கிப் பாலைநிலத்தைக் கண்ணாரக் கண்டவர் என்பது அவருடைய கோட்டோவியங்களின் வெயிலில் தெரியும். ஆக, டெக்சாஸும் அரிசோனாவும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் எந்த நாட்டுக் கலைஞனும் குடியேறி உழத்தக்க கற்பனைப் புறம்போக்காகிவிட்டன. சிவகாசிக்கு வந்து சேர்ந்த கௌபாய்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் அல்லர், இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன் ஆகிய நாடுகளின் பிள்ளைகள்.

தமிழ் உரைநடை இப்புறம்போக்கில் கால்வைக்காததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, சட்டம். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குப்பின் இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமானது. விடுதலைக்குப்பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தளர்த்தவில்லை. துப்பறியும் கதைக்கு வேண்டிய காவல் நிலையம், வழக்கறிஞர், உயில், நகைப்பெட்டி எல்லாம் தமிழ்நாட்டில் இருந்தன. ஆளுக்கொரு ரிவால்வர் இடுப்பில் தொங்கும் தெரு இல்லை. அப்படியொரு தெருவைச் சொற்களால் நம்பவைப்பது கடினம், படத்தால் காட்டிவிடுவது எளிது. இரண்டாவது, ஊருக்கு வெளியே வாழும் சட்டமீறிக்குத் தமிழில் ஏற்கெனவே ஆள் இருந்தான். கல்கியின் 'கள்வனின் காதலி', நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' ஆகியவை அந்த இடத்தை நிரப்பின. 'மலைக்கள்ளன்' 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துத் திரைப்படமாகவும் பெருவெற்றி பெற்றது. மூன்றாவது, வரலாற்று வீரத்தை நாடிய வாசகருக்குச் சோழரும் பல்லவரும் குதிரையேறிக் காத்திருந்தார்கள். கல்கியும் சாண்டில்யனும் அமைத்துவிட்ட அந்தப் பெரும்பாதை இருக்கும்போது அரிசோனாவுக்குப் போக எழுத்தாளருக்குத் தேவை ஏற்படவில்லை.

திரைப்படத்துக்கு அத்தேவை ஏற்பட்டது. செர்ஜியோ லியோனி என்ற இத்தாலிய இயக்குநர் 1964-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வைத்து ஸ்பெயினின் வறண்ட நிலத்தில் எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்', அதன் தொடர்ச்சியாக 1966-இல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி', 1969-இல் வெளியாகி இந்தியாவெங்கும் அமெரிக்காவைவிடப் பெரிய வரவேற்பைப் பெற்ற 'மெக்கன்னாஸ் கோல்டு' ஆகியவை, இத்தகைய படங்களை அதிகச் செலவில்லாமல் இங்கேயும் எடுக்கலாம் என்ற எண்ணத்தைத் தயாரிப்பாளரிடம் விதைத்தன. வேண்டியவை சில குதிரைகள், ஒரு பாறைக்காடு, தோல் உடுப்பு, வெடிச்சத்தம். அரண்மனை அரங்கமும் வேண்டாம், மாளிகைப் படிக்கட்டும் வேண்டாம். தெலுங்கில் கே.எஸ்.ஆர்.தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்து 1971-இல் வந்த 'மோசகாள்ளகு மோசகாடு', 'மோசக்காரனுக்கு மோசக்காரன்' என்று தமிழிலும் மொழிமாற்றமாகி ஓடியது. தமிழில் இதன் முன்னோடி எம்.கர்ணன். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' போன்ற குடும்பப் படங்களின் ஒளிப்பதிவாளராகப் பெயர்பெற்ற இவர், 'காலம் வெல்லும்' (1970), 'ஜக்கம்மா' (1972), 'கங்கா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975), 'ஜம்பு' (1980) எனத் தாமே இயக்கிய படங்களில் ஜெய்சங்கரைக் குதிரையேற்றினார். கண்ணீர்க் குடும்பக்கதைகளின் முகங்களை அண்மைக்காட்சியில் ஒளியூட்டிய கை, அகன்ற வெளியில் புழுதி பறக்கும் குதிரைக்கூட்டத்தைப் படம்பிடிக்க இவ்வளவு ஆர்வத்தோடு போனது தமிழ்த் திரை வரலாற்றில் போதிய அளவு கவனிக்கப்படாத செய்தி.

ஆயினும் இப்படங்கள் உடையை எடுத்துக்கொண்டு வரலாற்றை விட்டுவிட்டன. அமெரிக்கக் கதையின் அடியில் நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு, வேலி போடலாமா, ரயில் எந்த ஊர் வழியாகப் போகும் என்ற கேள்விகள் கிடக்கின்றன. தமிழ்ப் படத்தில் அவற்றின் இடத்தைத் தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கும் மகனும், தாயின் சபதமும், பரம்பரைப் புதையலும் பிடித்துக்கொண்டன. 'எங்க பாட்டன் சொத்து' என்ற தலைப்பே இந்த மாற்றத்துக்குச் சான்று. தேவர் பிலிம்ஸ் 1978 தீபாவளிக்கு வெளியிட்ட 'தாய் மீது சத்தியம்' படத்தில் ரஜினிகாந்த் கௌபாய் உடையில் வந்தாலும், அவரைச் செலுத்துவது பெற்றோர் கொலைக்கான பழியும், துணைநிற்பவை அந்நிறுவனத்தின் வழக்கப்படி விலங்குகளுமே. இதைக் குறையென்று தள்ளுவதற்கில்லை. எல்லைப்புறம் என்ற சமூக அனுபவம் இல்லாத சமூகம் அக்கதையைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்துதான் புரிந்துகொள்ள முடியும்.

சித்திரக்கதை இதற்கு நேர்மாறாக வரலாற்றைக் கூடவே கொண்டுவந்தது. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவரத் தொடங்கி, பிரிட்டிஷ் சாகசக் கதைகளோடு சிஸ்கோ கிட் போன்ற கௌபாய்களையும் தமிழில் பேசவைத்தது. சிஸ்கோ கிட்டின் பயணம் விசித்திரமானது: ஓ.ஹென்றி 1907-இல் எழுதிய சிறுகதையில் அவன் ஈவிரக்கமற்ற கொலைகாரன். அமெரிக்கத் திரையிலும் வானொலியிலும் அவன் நல்லவனாகி, 1951 முதல் அர்ஜென்டினா ஓவியர் ஹோசே லூயிஸ் சலினாஸின் தூரிகையில் செய்தித்தாள் படத்தொடராகி, அங்கிருந்து தமிழுக்கு வந்தான். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 1984 ஜூலையிலும், சௌந்தரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன் தமது பதினேழாம் வயதில் ஆசிரியராகி நடத்திய லயன் காமிக்ஸ் அதே மாதத்திலும் தொடங்கின. ராணி காமிக்ஸின் முதல் கதை ஜேம்ஸ் பாண்டுடையது, லயனின் முதல் கதை மாடஸ்டி பிளைசியுடையது. இரண்டும் உளவாளிகளை முன்னிறுத்தித் தொடங்கிச் சில ஆண்டுகளில் கௌபாய்களுக்கு இடம்விட்டன. ராணி காமிக்ஸ் பெரிதும் பிரிட்டனின் 64 பக்கச் சிற்றேட்டுக் கதைகளைச் சார்ந்தது. அவற்றின் நாயகர்களில் ஒருவனான பக் ஜோன்ஸ், 1942-இல் பாஸ்டன் நகர விடுதித் தீவிபத்தில் இறந்த உண்மையான திரைநடிகரின் பெயரைத் தாங்கியவன்.

லயனில் 1980-களின் நடுவில் அறிமுகமான டெக்ஸ் வில்லர் இவர்கள் எல்லாரையும் பின்தள்ளியதற்குக் கதைக்கு இணையாக அச்சுத்தொழிலும் காரணம். இத்தாலியில் டெக்ஸ் மாத இதழ் சிறிய அளவில், கறுப்பு வெள்ளையில், பக்கத்துக்கு மூன்று வரிசைக் கட்டங்களாக, ஏறக்குறைய 110 பக்கங்களில் வெளிவந்தது. அந்த வடிவம் சிவகாசியின் மலிவுத் தாளுக்கும் ஒற்றை வண்ண அச்சுக்கும் எந்தச் சேதாரமும் இல்லாமல் பொருந்தியது. மாறாக, பிரெஞ்சுக் கதைகள் பெரிய அளவு வண்ண ஏடுகளாக, நுணுக்கமான சிறு கட்டங்களோடு வந்தவை. அவற்றைச் சிறிய தமிழ் இதழுக்குக் கொண்டுவரும்போது பக்கத்தை வெட்டி அடுக்கவும் வண்ணத்தை இழக்கவும் நேர்ந்தது. இதனால்தான் புளூபெர்ரி, தமிழில் கேப்டன் டைகர் என்ற பெயரோடு 1990-களில் வந்து 'தங்கக் கல்லறை' போன்ற கதைகளால் தனிப்பெரும் ரசிகர் வட்டத்தைப் பெற்ற பின்னும், அவனுடைய பாலைவனத்தை அதன் நிறத்தில் தமிழ் வாசகர் காண மேலும் பல ஆண்டுகள் ஆயின. மொழிபெயர்ப்பிலும் இதேபோன்ற நெருக்கடி உண்டு: ஐரோப்பிய மொழிச் சொற்களுக்காக வரையப்பட்ட பேச்சுக்குமிழ்களுக்குள் நீளமான தமிழ் வினைமுற்றுகளை அடக்க வேண்டியிருந்ததால், வாக்கியங்கள் குறுகி, பேச்சுவழக்கும் நையாண்டியும் கலந்த ஒரு தனிநடை உருவாயிற்று. டெக்ஸும் அவனுடைய வயதான தோழன் கிட் கார்சனும் ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு குதிரையில் போகும் பக்கங்களில் அந்நடை உச்சம் தொட்டது.

கதையின் உள்ளடக்கமும் பேசத்தக்கது. டெக்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர் என்ற காவல்படை அதிகாரி. அதே சமயம் நவஹோ என்ற பூர்வகுடியின் தலைவன். அக்குடித் தலைவரின் மகள் லிலித்தை மணந்து, அவளை இழந்தவன். தமிழில் 'இரவுக்கழுகு' என்று வழங்கும் அவனுடைய நவஹோப் பெயர், அரசாங்கத்தின் ஆளாகவும் அரசாங்கத்தால் ஒடுக்கப்படுவோரின் ஆளாகவும் ஒருவனே இருக்கும் இரட்டை நிலையைக் குறிக்கிறது. நிலத்தரகர், ஊழல் அதிகாரி, போர்வெறி கொண்ட படைத்தலைவன் ஆகியோரே இக்கதைகளில் பெரும்பாலும் வில்லன்கள். 'செவ்விந்தியர்' என்று தமிழ்ச் சித்திரக்கதை பெயரிட்ட மக்களின் நிலம் ஒப்பந்தங்களாலும் ஒப்பந்த மீறல்களாலும் பறிபோன வரலாற்றைத் தமிழ்ச் சிறுவர் பலர் பள்ளிப் பாடநூலுக்கு முன்பே இந்த இதழ்களில் படித்தனர் என்பது மிகையன்று. மறுபுறம், மலிவான பிரிட்டிஷ் கதைகளில் அதே மக்கள் கூக்குரலிட்டுக்கொண்டு பாய்ந்து சுடப்பட்டுச் சாகும் கூட்டமாகவே வந்துபோயினர்; இரண்டையும் ஒரே வாசகர் ஒரே வாரத்தில் படித்தார்.

இந்த வாசகரைத் தேடுவோர்க்குச் சென்னையின் மேற்குத் தடம் நல்ல இடம். இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856 ஜூலை 1-ஆம் நாள் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இவ்வழியேதான் சென்றது. அமெரிக்காவின் இரு கடல்களையும் இணைத்த ரயில் பாதை முடிந்தது 1869-இல் என்பதையும், முதல் பத்துக்காசு நாவல் வந்தது 1860-இல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கௌபாய்க் கதையின் இன்றியமையாத இரும்புப் பாதை ஆவடிக்கு அக்கதைக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் இப்பகுதி ஆலை நகரமானது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்: அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், பெரம்பூரில் 1955-இல் திறக்கப்பட்ட ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1960-களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, அதே பத்தாண்டில் ஆவடியில் எழுந்த படைத்துறை உடைத் தொழிற்சாலையும் 1965-இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலையும் பல மாவட்டங்களிலிருந்து இளைஞரைக் கொண்டுவந்து குடியமர்த்தின. சென்ட்ரல் – திருவள்ளூர் பாதை 1979 நவம்பரில் மின்மயமாயிற்று. ஷிப்டு முடிந்து ரயிலில் திரும்புவோரும், ஊழியர் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளும், நிலையக் கடைகள், வாடகை நூலகங்கள், பழைய புத்தகக் கடைகள் ஆகியவற்றைச் சுற்றி இயங்கிய மலிவு அச்சுப் பொருளாதாரத்தின் இயல்பான வாடிக்கையாளர்கள். ரயில் எட்டாத பூந்தமல்லியில் பேருந்து நிலையம் அதே வேலையைச் செய்தது. உண்மையான பீரங்கி வண்டி தயாராகும் ஊரில் ஆறு குண்டு ரிவால்வர் கதை விற்றதில் முரண் எதுவும் இல்லை. பீரங்கியை எவரும் தனியொருவராகக் கையாள்வதில்லை, ரிவால்வரோ தனிமனிதனின் கருவி.

ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் சில ஆண்டுகளில் ஆலையும் மனைப்பிரிவுமாக மாறியதால் இப்பகுதியையே ஒரு 'எல்லைப்புறம்' என்று சொல்லிவிட ஆசை எழும். அந்த ஒப்புமை நெடுந்தூரம் நிற்காது. அம்பத்தூருக்கு வந்த தொழிலாளி காலி நிலத்துக்கு வரவில்லை. வேலை உத்தரவோடு, தொழிற்சங்கமும் வருகைப் பதிவேடும் இருந்த இடத்துக்கு வந்தார். அவர் படித்த ஷெரீப்பின் பதவிப்பெயர்கூட அவருடைய நகரத்தில் வேறு பொருள் தந்தது: சென்னையில் ஷெரீப் என்பவர் 1726-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி அமைந்த பதவியில், காலப்போக்கில் பிரமுகர்களை வரவேற்கும் அலங்காரப் பொறுப்பினராகி, 1998-இல் அப்பதவியே ஒழிக்கப்படும்வரை துப்பாக்கியின்றி வாழ்ந்தவர். உண்மையான எல்லைப்புறம் இப்பகுதியில் இருந்தது வேறொரு காலத்தில். பதினேழாம் நூற்றாண்டில் பூந்தமல்லி, கோல்கொண்டா அரசின் அதிகாரியின் இருக்கை; அங்கிருந்த பொடிலி லிங்கப்பா, கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைக்குத் தானியம் போகும் வழிகளை மறித்து அதைப் பணியவைக்க முயன்றார். கம்பெனியின் கறுப்பர் நகரத்தைக் காத்தவர் பெத்த நாயக்கர் என்னும் பரம்பரைக் காவல் தலைவர். திருட்டுப்போன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இயலாவிட்டால் தாமே ஈடுசெய்ய வேண்டும் என்பது அவருடைய பணியின் நிபந்தனை. 1769-இலும் 1780-இலும் ஐதரலியின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களைக் கலங்கடித்தது. வழிமறிப்பும், கூலிக் காவலும், குதிரைக் கூட்டமும், யாருடைய சட்டம் எந்த ஏரிக்கரை வரை செல்லும் என்ற தகராறும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த கதைக்களம் தமிழ் வெகுசன எழுத்தில் கிட்டத்தட்டத் தொடப்படாமலே கிடக்கிறது. டூம்ஸ்டோனின் அரை நிமிடம் அறிந்த வாசகருக்குப் பூந்தமல்லி லிங்கப்பாவைத் தெரியாமற்போனதற்கு வாசகரைக் குறைசொல்ல முடியாது, எழுதியவர் இல்லை.

தொலைக்காட்சி அலைவரிசைகள் பெருகிய 1990-களில் சித்திரக்கதை விற்பனை சரிந்தது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. லயனும் முத்துவும் ஒழுங்கற்ற இடைவெளிகளில் தேய்ந்துவந்தன. எதிர்பாராத வகையில் இக்கதைவகையின் நினைவு முதலில் நையாண்டியாகத் திரும்பியது. 1994-இல் இசை அலைவரிசை ஒன்றின் விளம்பரத் துணுக்குகளில் பிறந்த 'குயிக் கன் முருகன்' என்ற சைவ உணவுக் கௌபாய் 2009-இல் முழுநீளப் படமானான். 2010-இல் சிம்புதேவன் லாரன்ஸை வைத்து இயக்கிய 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' வெளிவந்தது. பின்னது தமிழ்க் கௌபாய் மரபை முழுதாக அறிந்த ஒருவரின் படைப்பு: நாயகனின் ஊருக்கு ஜெயசங்கரபுரம் என்று பெயர் வைத்ததில் கர்ணனின் படங்களுக்கும், தலைப்பின் முதல் சொல்லில் முத்து காமிக்ஸின் முதல் இதழுக்கும் வணக்கம் இருக்கிறது. ஆனால் நையாண்டி செய்வதற்குக்கூட மூலத்தை அறிந்த பார்வையாளர் வேண்டும். அத்தகையோர் அப்போது முப்பதையும் நாற்பதையும் தாண்டியிருந்தனர்.

அவர்களைக் கணக்கில்கொண்டே 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' நூறு ரூபாய் விலையில் வந்தது. அதற்குப்பின் வந்த இதழ்கள் பளபளப்பான தாளில், முழு வண்ணத்தில், சந்தாதாரருக்கு அஞ்சலிலும் புத்தகக் கண்காட்சிகளிலும் விற்கப்படுபவை. கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' நெடுந்தொடர் 2015-இல் ஒரே பெருந்தொகுப்பாக, உரிய நிறத்தோடு வெளியானது. திரைரசிகர்களின் வழக்கத்தைப் பின்பற்றி டெக்ஸைத் 'தல' என்றும் டைகரைத் 'தளபதி' என்றும் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடும் இவ்வாசகர்கள், ரயில் நிலையக் கடையில் சில்லறை கொடுத்து வாங்கிய அதே கதையின் புதிய பதிப்புக்கு இன்று பல நூறு ரூபாய் கொடுக்கிறார்கள். ரயில் நிலையக் கடையில் அந்த இதழ்கள் இப்போது தொங்குவதில்லை. அச்சு எண்ணிக்கை குறைந்து, விலை உயர்ந்து, வாசகர் வயது கூடிய இந்த நிலையில், பத்துக்காசு நாவலாகப் பிறந்த கதைவகை தமிழில் சேகரிப்பாளரின் பொருளாகியிருக்கிறது.

மலையூர் மம்பட்டியான், கரிமேடு கருவாயன், சீவலப்பேரி பாண்டி எனத் தமிழ் மண்ணிலேயே பிறந்த சட்டமீறிகள் தெருப்பாடலிலிருந்து சிறு பிரசுரத்துக்கும் திரைக்கும் நகர்ந்த வரலாறு அடுத்த பகுதியில் இடம்பெறும்.